ஸக்காய் வெளியே போய் நின்றார்

திபேரியாவுக்குப் போகும் சாலையில், பெட்ரோல் பங்குக்கு எதிரே ஸக்காய் கோஹெனின் டயர் கடை. அறுபது தாண்டிய மனிதர். அகலமான தோள், குறைவான பேச்சு. பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். நகக்கண்ணெல்லாம் கருப்பு, உள்ளங்கையில் பழைய வெட்டுக்காயம். காலையில் ஜெபக்கூடத்தில் அதே ஆட்கள் அந்தக் கைகளைப் பார்ப்பதில்லை. பார்க்கக் கூடாது. சால்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடி, செருப்பில்லாத காலோடு, வேதச் சுருள் வைத்த பேழைக்கு முன்னால் நின்று அவர் இரண்டு கைகளையும் தூக்கும்போது எல்லாத் தலைகளும் குனிந்துவிடும்.

அவர் தெருவிலிருக்கும் குர்திய யூத ஜெபக்கூடத்தில் கோஹென், அதாவது ஆசாரியக் குலத்தவர், அவர் ஒருவர்தான். ஆரோனின் வழி வந்தவர்கள் மட்டும் சொல்லக்கூடிய ஆசீர்வாதம் அது. படிப்பாலோ நல்ல நடத்தையாலோ அந்த உரிமை கிடைப்பதில்லை. அப்பாவிடமிருந்து வருகிறது, மூக்கு வருவதைப்போல. ஸக்காய்க்கு அதில் பெருமை என்று சொல்ல முடியாது. தான் சம்பாதிக்காத ஒன்றைத் தினமும் காலையில் பிறருக்குக் கொடுத்துவிட்டுக் கடை திறக்கப் போவதில் ஒரு நிம்மதி இருந்தது, அவ்வளவுதான்.

கை தூக்குவதற்கு முன், கோஹென்களுக்கு ஊழியம் செய்கிற லேவி குலத்தான் ஒருவன் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். அந்த வேலை மீரோவுடையது. ஜெபக்கூடத்தின் சாவி, விளக்கு, சண்டை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற மீரோ, ஸக்காயின் பள்ளித் தோழன். ஒவ்வொரு நாளும் இரண்டு பிடி வைத்த பித்தளைச் செம்பைச் சாய்த்தபடி, இந்த கிரீஸுக்கு ஜோர்தான் ஆறே பத்தாது என்று முணுமுணுப்பார். இவரும் தினமும் கேட்டுக்கொள்வார்.

மனைவி ஜமீலா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் லிமோர் ஹைஃபாவில் இருந்தாள். ஓய்வுநாளான சனிக்கிழமையும் வண்டி ஓட்டுகிறவள், ஜெபப் புத்தகத்தைத் தொட்டுப் பல காலம் ஆனவள். தனியாகச் சாப்பிட்டுப் பழகிக்கொண்டிருந்த ஸக்காய், தெருவின் மறுகோடியில் இருக்கும் அஹூவாவின் பழைய காரை அடிக்கடி கவனிக்க ஆரம்பித்தார்.

அஹூவா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். கணவன் யோனாவை நோயாளியாகக் கூட்டிக்கொண்டுதான் அந்தத் தெருவுக்கு வந்தாள். தூக்கி உட்காரவைத்தாள், ஊட்டினாள், கடைசியில் அடக்கமும் செய்தாள். ஏழு நாள் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து துக்கம் காத்தாள். தெரு முழுவதும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது. விதவையைக் கோஹென் கட்டிக்கொள்ளலாம், தடையில்லை. அதனால் ஸக்காய் அந்த வீட்டுப் பக்கம் போவதைப் பார்த்து ஊருக்குச் சந்தோஷம்தான்.

"அந்த வண்டிக்கு நாலு சக்கரம்தானே? நான் பார்த்த வரைக்கும் நீ பதினாறு மாத்தியிருக்கே" என்றார் மீரோ.

ஒரு வியாழக்கிழமை மாலை ஸக்காய் கேட்டுவிட்டார். சனிக்கிழமைக் குழம்புக்காக இறைச்சி வைத்து மாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்த அஹூவா, கையிலிருந்ததைத் தட்டில் வைத்துவிட்டு இடுப்பில் கட்டியிருந்த துணியில் விரல்களைத் துடைத்தாள்.

"நான் விதவை இல்ல, ஸக்காய்."

ஹைஃபாவில் இருந்தபோதே யோனாவை விட்டு விலகியவள் அவள். குடி, கை நீட்டுகிற பழக்கம். மத நீதிமன்றத்து ரபிகளுக்கு முன்னால் அவன் விவாக விலக்குச் சீட்டைக் கொடுத்தான், அவள் வாங்கிக்கொண்டாள். சில மாதங்களில் அவனுக்கு நோய் வந்தது. பார்க்க ஆளில்லை. அவளே போய் அழைத்து வந்தாள். யாருக்கும் தெரியாத தெருவில் வீடு எடுத்தாள்.

"செத்தவனுக்காக யாராவது உக்காரணும் இல்லையா? உக்காந்தேன். நீங்கள்லாம் சோத்துப் பாத்திரத்தோட வந்தீங்க. அப்ப என்னன்னு சொல்றது, நான் இவனுக்கு ஒண்ணுமில்லன்னா?"

விலக்கப்பட்டவளைக் கோஹென் கட்டக் கூடாது. கட்டினால் கை தூக்கக் கூடாது. சிறுபிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. ஸக்காய் தேநீரைக் குடித்து முடித்தார். மாவு காய்ந்துவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

மறுவாரம் ஊர் ரபியைப் பார்க்கப் போனார். ரபி பொறுமையாகக் கேட்டார், இரண்டு முறை கேட்டார், ஏதாவது வழி உண்டா என்று புத்தகங்களையும் புரட்டினார். கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தம்மா செஞ்சதை நான் செஞ்சிருப்பேனான்னு எனக்கே சந்தேகம். ஆனா சீட்டு முன்னாடி, சாவு பின்னாடி. பின்னாடி நடந்தது முன்னாடி நடந்ததை அழிக்காது."

கல்யாணத்தை அவரால் நடத்திவைக்க முடியாது. வெளிநாட்டில் போய்ச் செய்துகொண்டால் அரசாங்கம் பதிவு செய்துகொள்ளும். ஆனால் அவளோடு வாழும் காலம்வரை ஸக்காயின் கைகள் கீழேதான். ரபி இதைக் கோபமில்லாமல் சொன்னதால் ஸக்காயாலும் கோபப்பட முடியவில்லை.

கடையில் டயரைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் இதையே யோசித்தார். அஹூவா எப்படிப்பட்டவள் என்று சட்டம் கேட்கவில்லை. அது அநியாயமாகப் பட்டது. பிறகு, நான் எப்படிப்பட்டவன் என்றும் அது ஒருநாளும் கேட்டதில்லையே என்று தோன்றியது. தகுதி பார்க்காமல் அவருக்கு வந்தது, தகுதி பார்க்காமல் போகிறது. இதில் அநியாயம் உண்டென்றால் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. வாங்கும்போது அவர் முறையிடவில்லை.

இந்த எண்ணம் அவருக்கு ஆறுதல் தரவில்லை. ஆனால் சட்டத்தின்மீது பழிபோடுகிற வசதியை எடுத்துவிட்டது. இனி வேண்டியது வேண்டாதது இரண்டையும் அவரே சொல்லியாக வேண்டும்.

அதற்குள் அஹூவா தன் முடிவைச் சொல்லிவிட்டாள். கோஹெனின் கையை இறக்கியவள் என்ற பேர் தனக்கு வேண்டாம் என்றாள். காலையில் ஆசீர்வாதம் இல்லாமல் வேலைக்குப் போகிற ஒவ்வொருவனும் தன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போவான், அதோடு தன்னால் குடியிருக்க முடியாது என்றாள். காரை வேறு கடைக்குக் கொண்டுபோக ஆரம்பித்தாள். அது ஸக்காயை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வருத்தியது. அந்தக் கடைக்காரனுக்கு சக்கரத்தைச் சமன் செய்யத் தெரியாது.

மீரோவின் யோசனை எளிமையானது. யாருக்கும் தெரியாது, ரபி வாயைத் திறக்கமாட்டார், நீ பாட்டுக்கு அவளோடு இரு, காலையில் வந்து கை தூக்கு, நான் எதையும் கேட்கவில்லை. ஸக்காய் தலையை ஆட்டி மறுத்தார். ஊரார் தலைகுனிந்து நிற்பது தன்னைப் பார்க்காமலிருப்பதற்காக. அந்த நேரத்தில் ஏமாற்றுவது தூங்குகிறவன் பையில் கைவிடுவதைப்போல என்று நினைத்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை.

லிமோர் இதைக் கேட்டுச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். தொலைபேசியில் அவள் சிரிக்கவில்லை. அஹூவாவை விட்டுவிடுங்கள் என்றும் சொல்லவில்லை, கட்டிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை. சின்ன வயதில் பெண்கள் மாடியின் கம்பித் தடுப்பு வழியாக அவர் பாதங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள்.

"உனக்குத்தான் இதுல நம்பிக்கையே இல்லையே" என்றார் ஸக்காய்.

"எனக்கு இல்லப்பா. உங்களுக்கு இருந்துச்சுல்ல, அதை நம்பி நான் இத்தனை நாள் ஓட்டிட்டேன்."

அன்று இரண்டு டயர்களைத் தப்பாக மாட்டிவிட்டுத் திரும்பக் கழற்றினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஜெபம் வழக்கம்போல நடந்தது. ஆசீர்வாதத்துக்குக் கொஞ்சம் முன்னால் மீரோ செம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் வந்தார். ஸக்காயும் எழுந்து வந்தார். ஆனால் செருப்பைக் கழற்றவில்லை. மீரோவைத் தாண்டி, கதவைத் தாண்டி, வெளியே எலுமிச்சை மரத்தடியில் போய் நின்றார். கை தூக்க விரும்பாத கோஹென் அந்த நேரத்தில் உள்ளே இருக்கக் கூடாது. எல்லோரும் அறிந்த வழக்கம்தான், ஆனால் அந்த ஜெபக்கூடத்தில் அதை யாரும் கண்ணால் கண்டதில்லை. உள்ளே ஒரு தயக்கம் கேட்டது. பிறகு முன்னின்று ஜெபம் நடத்துகிறவர் அந்த வசனங்களைத் தானே வேண்டுதலாகப் படித்தார். அது முடிந்ததும் ஸக்காய் உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

ஜெபம் முடிந்து மீரோ செம்போடு துரத்திக்கொண்டு வந்தார்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தே? கல்யாணமும் ஆகல, ஒண்ணும் ஆகல, எதுக்குடா வெளிய போனே?"

"அவ சம்மதிக்கிறதுக்கு முன்னாடியே போகணும். அப்பதான் நானா விட்டதுன்னு ஊருக்குத் தெரியும்."

"சம்மதிக்கலேன்னா?"

"அப்பவும் நானா விட்டதுதான்."

மீரோ செம்பிலிருந்த தண்ணீரை எலுமிச்சை மரத்துக்கு ஊற்றினார். "நீ காதலிப்பே, என் பிழைப்பு போகும். கோஹென் இல்லாட்டி லேவியனை எவன் தேடுவான்? இந்தச் செம்பை நான் என்ன பண்ண, இதுல செடியா வைக்க?"

திங்கள், செவ்வாய் என்று ஒவ்வொரு காலையும் ஸக்காய் வெளியே போய் நின்றார். காரணம் ஊருக்குள் பரவியது. சிலர் அவரைத் திட்டினார்கள். சிலர் அஹூவா யோனாவைப் பார்த்துக்கொண்டதை நினைத்து வாயை மூடிக்கொண்டார்கள். பாராட்டியவர்கள் யாருமில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

புதன்கிழமை மதியம் அஹூவாவின் கார் கடைக்கு முன்னால் வந்து நின்றது. இறங்கும்போதே கோபம்.

"யாரு கேட்டா உங்களை? நான் வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"அப்புறம் என்னத்துக்கு அந்த மரத்தடியில தவம்? பள்ளிக்கூடத்துல வெங்காயம் உரிக்கிறவ வரைக்கும் கேக்கறா. 'அவரு உனக்காக விட்டுட்டாராமே'ன்னு. நான் என்ன பதில் சொல்ல?"

"உனக்காக இல்லன்னு சொல்லு. எனக்காக." ஸக்காய் குனிந்து முன்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். "கை தூக்கற உரிமையை வெச்சுக்கிட்டு, தினம் காலையில உன்னை வேண்டாம்னு சொன்னவனா அங்க நிக்க என்னால முடியல. அவங்களுக்கு நல்லது கேக்கணும். மனசு அங்க இல்லாம எப்படிக் கேக்கறது? அதுக்கு வெளிய நிக்கிறதே மேல்."

அஹூவா திறந்திருந்த கார்க் கதவைச் சாத்தினாள். லாரி ஒன்று போனது.

"நாளைக்கு ஒருநாள் ஏக்கம் வந்தா என் மேல பாயக் கூடாது."

"ஏக்கம் வரும். பாயமாட்டேன்."

"வரும்னு ஒத்துக்கறீங்க பாருங்க, அதான் நம்பலாம்போல இருக்கு" என்றாள். பிறகு, வண்டி இடது பக்கம் இழுக்கிறது, அந்த முட்டாள் என்னவோ பண்ணிவிட்டான், பாருங்கள் என்றாள்.

சைப்ரஸில் கல்யாணம் பதிவானது. லிமோர் கூடப் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அலுவலகத்துப் பெண் தன் கைப்பேசியில் ஏதோ கிரேக்கப் பாட்டைப் போட்டாள். அஹூவா சிரித்ததில் கண் மை கலைந்தது.

திரும்பிய வாரத்தின் சனிக்கிழமையில் ஸக்காய் ஜெபக்கூடத்துக்குப் போனார். முன்வரிசையில் அவர் இடம் காலியாகவே இருந்தது. அந்த நேரம் வந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. இப்போது அவர் மறுக்கிறவர் அல்ல, தகுதியில்லாதவர். வெளியே போகத் தேவையில்லை. மீரோ வழக்கத்தில் வாசல் வரை போய்விட்டு, நினைவு வந்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

முன்னின்றவர் வசனங்களைப் படித்தார். கடவுள் உன்னைக் காக்கட்டும், உன்மேல் அவர் முகம் ஒளிரட்டும், உனக்குச் சமாதானம் தரட்டும். ஒவ்வொன்றுக்கும் கூட்டம், அவர் சித்தம் அப்படியே ஆகட்டும் என்றது. அந்தப் பதிலை வாழ்நாளில் சொல்லியிராத ஸக்காய் முதல் தடவை பின்தங்கிவிட்டார். மூன்றாவது தடவை எல்லோருடனும் சேர்ந்து சொன்னார். உள்ளுக்குள் ஏதாவது உடையும் என்று காத்திருந்தார். கொஞ்சம் வலித்தது. உடையவில்லை.

மாடியிலிருந்து இறங்கிவந்த அஹூவா வாசலில் அவருக்காக நின்றாள். வீட்டுக்கு நடக்கும்போது எப்படி இருந்தது என்று கேட்டாள். ஸக்காய் பொய் சொல்லவில்லை.

"ஆசீர்வாதம் சின்னதா இருந்துச்சு. நான் சொல்றப்ப நீளமாத் தெரியும். அது யார் மேல போய் விழுதுன்னும் சால்வைக்குள்ள இருந்தா தெரியாது."

"இன்னிக்குத் தெரிஞ்சுதா?"

"கொஞ்சம்."

"சரி, வேகமா நடங்க" என்றாள் அஹூவா. "மீரோவையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். மனுஷன் செம்பைத் தூக்கிட்டு வந்து, சாப்பிடறதுக்கு முன்னாடி வீட்டுல எல்லார் கையிலயும் தண்ணி ஊத்தப்போறேன்னு மிரட்டறாரு."