ஒரே அறையில் இரண்டு ஆட்டக்காரிகள்: விம்பிள்டனில் ஐந்து நாள்

பாரிஸ் லா ஷப்பலில் ஒரு சின்னப் பயணச்சீட்டுக் கடையில் வேலை செய்கிறேன். நாள் முழுவதும் மற்றவர்களை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் எனக்கு, இந்த 2006 ஜூலைத் தொடக்கத்தில் ஐந்து நாள் விடுமுறை கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட, கெஞ்சி வாங்கினேன் என்பதே சரி. காரணம், லண்டனில் இருக்கும் அக்காவின் மகள் மயூரி. வயது பதினாறு. விம்பிள்டனில் பெரியவர்களின் டென்னிஸ் போட்டி இரண்டாம் வாரத்துக்குள் நுழையும்போது, அதே புல்தரைகளில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டியும் நடக்கும். பல நாடுகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். உள்நாட்டுப் பிள்ளைகள் சிலருக்கு வைல்ட் கார்ட் என்று நேரடி இடம் கொடுப்பார்கள். மயூரிக்கு அப்படி ஓர் இடம் கிடைத்திருந்தது.

சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தில் கடலடி ரயில் ஏறினேன். இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போவதால் லண்டன் வாட்டர்லூவில் இறங்கும்போது மதியம்கூட ஆகவில்லை. ஒரு மாதம் முன்பே வாங்கியதால் போகவர 90 யூரோ. ரயில் முழுக்க உலகக் கிண்ணக் காற்பந்துப் பேச்சு. டென்னிஸ் பார்க்கப் போகிறேன் என்றதும் பக்கத்து இருக்கைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வாட்டர்லூவிலிருந்து பாதாள ரயிலில், கெனிங்டனில் ஒருமுறை மாறி, மோர்டனுக்கு நாற்பது நிமிடம். காகிதச் சீட்டு 3 பவுண்.

மோர்டன் நிலையத்துக்கு அத்தான் காருடன் வந்திருந்தார். அவர் பெயர் சிவபாதசுந்தரம். வீடுகளுக்கு மின்கம்பி இழுக்கிற வேலை. வேலையிடத்தில் 'சிவ்' என்று சுருக்கிக் கூப்பிடுவார்களாம். பெட்டியை வாங்கி வைத்தவர் காரைக் கிளப்பாமல் இருந்தார்.

"வீட்டில கேட்டியும் நிக்கிறாள். ஆட்ட அட்டவணை வந்திட்டுது. ஒண்டும் கேட்டுப்போடாத."

"ஏன் அத்தான்?"

"முதல் ஆட்டத்தில மயூரிக்கு எதிரா கேட்டி."

கேட்டி வட இங்கிலாந்தில் ஹல் நகரத்துப் பெண். அவளுக்கும் பதினாறு. நான்கு வருடமாக இரட்டையர் ஆட்டத்தில் மயூரியின் ஜோடி. லண்டனில் போட்டி என்றால் மயூரியின் அறையில்தான் தங்குவாள். அக்காவின் புட்டையும் உருளைக்கிழங்குக் கறியையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற பிள்ளை. அவளுக்கும் வைல்ட் கார்ட். அறுபத்து நான்கு பெயர்களில் இந்த இரண்டையும் எதிரெதிரே கொண்டுவந்து வைத்துவிட்டது குலுக்கல்.

வீட்டுக்குள் அக்கா எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டுக் குசினியில் தாழ்ந்த குரலில் பேசினாள். "ஒரே அறையில எப்பிடியடி ரெண்டுபேரும்? கேட்டியை வேற இடத்தில விடுவம் எண்டால் அவள் என்ன நினைப்பாள்?"

அந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. படியிறங்கி வந்த மயூரி, தன் வழக்கப்படி ஆங்கிலத்தில், இது டென்னிஸ், இப்படி நடக்கும், கேட்டி எங்கேயும் போகமாட்டாள் என்று சொன்னாள். பிறகு தாயின் தோளில் கைபோட்டு, "அம்மா, சண்டை ஒண்டும் இல்லை. ரெண்டு பேருக்கும் பசிக்குது," என்றாள்.

ஞாயிறு போட்டி இல்லாத நாள். இருவரும் மாலையில் பக்கத்துப் பூங்காவில் ஒன்றாக ஓடினார்கள். இரவுச் சாப்பாட்டின்போது கேட்டியின் தொலைபேசி அடித்தது. அவளுடைய அம்மா. முதியோரைப் பராமரிக்கும் வேலை. திங்கட்கிழமை ஷிப்டுக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை, செவ்வாய்தான் வர முடியும். கேட்டி "இட்ஸ் ஓகே, மம்" என்று மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை குரல் சரியில்லை.

அவள் மேலே போன பிறகு மயூரி கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்தாள். "அம்மா, நாளைக்கு நீங்க கேட்டிக்குக் கைதட்டுங்கோ. எனக்கு அப்பாவும் சித்தியும் இருக்கினம். அவளுக்கு ஒருத்தரும் இல்லை."

அக்கா கழுவிய கரண்டியையே மறுபடி கழுவினாள். "உனக்கு எதிராவே?"

"எனக்கு எதிரா இல்லை. அவளுக்கு."

"சரி, தட்டுறன்," என்றாள் அக்கா. 

திங்கள். பெற்றோருக்கு ஆட்டக்காரரின் விருந்தினர் அனுமதி உண்டு, சித்திகளுக்குக் கிடையாது. எனவே எனக்குச் சீட்டு வரிசை. காலை ஆறே காலுக்கு மோர்டனில் 93ஆம் இலக்கப் பேருந்து. கையில் காசு கொடுத்தால் ஒன்றரை பவுண், ஓய்ஸ்டர் என்ற பயண அட்டையில் குறைவு. "டென்னிஸா? மேட்டில் இறங்கு, பிறகு எல்லாம் இறக்கம்தான்," என்றார் ஓட்டுநர். அரை மணி நேரத்தில் விம்பிள்டன் மேட்டில் இறங்கி, அங்கிருந்து ஒரு மைலுக்கு மேல் நடந்தேன். மைதானத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் வரிசை எண் எழுதிய அட்டை தந்தார்கள். வெயில் ஏழு மணிக்கே சுட்டது. எனக்கு முன்னால் நின்றவர் தெற்கு லண்டன் நோர்பரியில் இருக்கும் மலேசியத் தமிழர், பொறியியலாளர். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பெரிய ஆட்டங்கள் நடக்கும் நடு மைதானத்துக்குச் சீட்டு முடிந்துவிட்டது என்று அவருக்குக் கவலை.

"நீங்க யாரைப் பார்க்க வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"என் மகளை," என்றேன். அக்காவின் மகள் எனக்கும் மகள்தானே. விவரம் சொன்னதும், "ஆமாவா! அப்ப நானும் அங்கயே வர்றேன்," என்று கூடவே வந்துவிட்டார். மைதான நுழைவுக்கு நான் கொடுத்தது 17 பவுண். பத்தரைக்குக் கதவு திறந்தது.

பதினாறாம் கோர்ட் பார்வையாளர் மேடை ஏதும் இல்லாத சின்ன இடம். ஓரத்தில் உட்காரச் சில வரிசை வாங்குகள், இடுப்பளவு வேலி. அதற்கு அப்பால், கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் ஆட்டம். பதினொரு மணிக்கு இரண்டு பிள்ளைகளும் வெள்ளை உடையில், ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார்கள். வலைக்கு அருகே வந்ததும் பேச்சு நின்றது. அத்தானும் நானும் மலேசிய அண்ணரும் ஒரு முனையில். அக்கா எங்களை விட்டு நடந்துபோய், எதிர் முனையில், முன் வாங்கில் தனியாக உட்கார்ந்தாள்.

மயூரி முதல் கேமை வென்றாள். உயர்ந்த நாற்காலியில் இருந்த நடுவர் அறிவித்தார்: "கேம், மிஸ் சிவபாதசுந்தரம்."

ஓர் எழுத்தும் பிசகவில்லை. ஆட்டத்துக்கு முன் அந்த நடுவர் அம்மா மயூரியிடம் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுப் பழகினாராம், பிறகுதான் தெரிந்தது. அத்தான் வேலியை இறுகப் பிடித்தார். "என்ரை பேரைச் சொல்லுறாங்கள்," என்றார் என்னிடம், நான் கேட்டிருக்கமாட்டேன் என்பதுபோல. இருபத்திரண்டு வருடமாக இந்த நாட்டில் யாரும் முழுதாகச் சொல்லாத பெயர். அன்று மட்டும் பத்துப் பதினைந்து தடவை சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

முதல் செட் மயூரிக்கு, 6-4. எதிர் முனையில் அக்கா கேட்டியின் ஒவ்வொரு நல்ல அடிக்கும் தட்டினாள். முதலில் விரல் நுனியால், பயந்து பயந்து. இரண்டாவது செட்டில் கேட்டி தொடர்ந்து சர்வ் போடுவதில் பிழைவிட்டுத் தலைகுனிந்து நின்றபோது, அக்கா எழுந்தே நின்றாள். "கமோன் கேட்டி! பயப்படாத பிள்ளை!" பாதி ஆங்கிலம், பாதி எங்கள் தமிழ். கேட்டி திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் ஆட்டமே வேறு. அந்த செட் அவளுக்கு, 6-3.

மூன்றாவது செட் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. ஆறுக்கு ஆறு, இரண்டு கேம் முந்தினால்தான் வெற்றி. கேட்டிக்கு ஏழு. மயூரி ஒரு பந்தை ஓடிப் பிடித்துக் கோட்டின் ஓரத்தில் வைத்தபோது, கேட்டிக்குத் தட்ட வந்த அக்காவின் கைகள் வாயைப் பொத்திக்கொண்டன. எதிர் முனையில் இருந்தாலும் அவள் மயூரியின் தாய்தானே. ஆனால் அவள் இடம் மாறவில்லை. 8-6 என்று கேட்டி வென்றாள். வென்றவள் கை உயர்த்தவில்லை. ராக்கெட்டை விட்டுவிட்டு ஓடிவந்து வலைக்கு மேலாக மயூரியைக் கட்டிக்கொண்டாள். மலேசிய அண்ணர் கண்ணாடியைத் துடைத்தார். "நடு மைதானம் எதுக்கு?" என்றார்.

மயூரி காரில் பத்து நிமிடம் அழுதாள். நன்றாக, சத்தமாக அழுதாள். கேட்டி பக்கத்தில் இருந்தாள். அக்கா முன் இருக்கையிலிருந்து திரும்பி, "என்னில கோவமோ?" என்று கேட்டாள்.

"இல்லை அம்மா. நீங்க தட்டினது கேட்டது. நல்லா இருந்தது," என்றாள் மயூரி மூக்கை உறிஞ்சியபடி. "ஆனா கொஞ்சம் கூடத் தட்டிட்டீங்கள்."

கேட்டிதான் முதலில் சிரித்தாள்.

செவ்வாய் மாலை இரட்டையர் ஆட்டம். எதிரே இருந்தவர்கள் தரவரிசையில் இடம் பெற்ற ஜோடி; எங்கள் பிள்ளைகளைவிட ஒரு தலை உயரம். கேட்டியின் அம்மா ஹல்லிலிருந்து மதிய ரயிலில் வந்து, காலில் கிடந்த வேலைச் சப்பாத்தைக்கூட மாற்றாமல் அக்காவின் அருகில் உட்கார்ந்தார். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த சொற்கள் குறைவு. இரண்டாவது செட்டுக்குள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 7-5, 6-4 என்று எங்கள் பிள்ளைகள் வென்றார்கள். பலகையில் இரண்டு பெயருக்கும் பக்கத்தில் பிரிட்டனைக் குறிக்கும் GBR என்ற அதே மூன்று எழுத்து. வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று தட்டினார்கள். மயூரி ராக்கெட்டால் அப்பாவைக் காட்டினாள். அத்தான் யாரையோ காட்டுகிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

புதன் மதியம் எனக்கு ரயில். கேட்டி ஒற்றையரில் இரண்டாம் சுற்றில் தோற்றாள், இருவரும் சேர்ந்து அடுத்த இரட்டையர் ஆட்டத்தில் தோற்றார்கள் என்று பிறகு தொலைபேசியில் கேட்டேன். கோப்பை இல்லை. இருந்தும் இந்த வாரம் கடைக்கு வந்த எல்லோருக்கும் படம் காட்டிவிட்டேன். பயணச்சீட்டு வாங்க வராதவர்களுக்கும்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். இரண்டாம் வாரம் போங்கள். மைதான நுழைவு விலை கடைசி நாட்களை நோக்கிக் குறையும். ஏழு மணிக்குள் வரிசையில் நில்லுங்கள். தொப்பி, தண்ணீர், வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம். உள்ளே எல்லாம் விலை அதிகம். நடு மைதானச் சீட்டு கிடைக்கவில்லை என்று மனம் நோகாதீர்கள். பதினான்கிலிருந்து பத்தொன்பது வரை எண்ணிட்ட கோர்ட்டுகளுக்கு நடந்துபோய், வேலியோரம் நில்லுங்கள். அங்கே ஆடுகிற பிள்ளைகளில் யாருக்குத் தட்டுவது என்று தெரியாவிட்டால், வாங்குகளை ஒருமுறை பாருங்கள். யாருக்கு வீட்டார் வரவில்லையோ, அவளுக்குத் தட்டுங்கள்.