ஐந்தே கால் கட்டை

அந்த எலெக்ட்ரிக் கிட்டாரை எனக்கு விற்றவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகத் தயாராகிக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலோ இந்திய ஃபோர்மன். வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி வைத்திருந்தார். சாப்பாட்டு மேஜைக்கும் நாய்ச் சங்கிலிக்கும் நடுவே அது சிவப்பாகக் கிடந்தது. “கொஞ்சம் உறுமும். மற்றபடி தங்கமான பொருள்” என்றார். கோலார் தங்கவயலில் தங்கம் என்ற சொல்லை யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. நம்பி வாங்கிவிட்டேன்.

உறுமல் பற்றி அவர் சொன்னது உண்மை. ஆம்ப்ளிஃபயரில் பிளக்கைச் செருகியதுமே ‘ம்ம்ம்’ என்று ஆரம்பிக்கும். கம்பியைத் தொடவே வேண்டாம். பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கிட்டாருக்கு நான் செய்த வைத்தியமெல்லாம் இந்த ஒரு வியாதிக்குத்தான். நடுவில் வேறு வியாதிகளும் வந்தன. ஒரு மழைக்காலத்தில் கழுத்துக் கட்டை வளைந்தது. டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்து நிமிர்த்தினேன். உள்ளிருக்கும் செம்புக் கம்பிச் சுருளான காயில் அறுந்தபோது, ஆண்டர்சன்பேட்டையில் மோட்டார் காயில் சுற்றுகிறவரிடம் கொடுத்தேன். அவர் மோட்டாருக்கு உண்டான கனத்தில் சுற்றிக் கொடுத்தார். கிட்டார் சத்தம் குறைந்தது, உறுமல் கூடியது.

எங்கள் கல்யாணக் கச்சேரிக் குழுவின் பாடகர் என் மனைவியின் அண்ணன். சுரங்கத்தில் அவருக்கு, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டுக்கு மணி கொடுக்கும் வேலை. ஷிஃப்ட் முழுவதும் அடியில் ஒரு லெவலில் நின்றுவிட்டு, மேலே வந்து குளித்து, பவுடர் பூசிப் பாடுவார். ஆணுக்கு அபூர்வமான உச்சக் குரல்.

“பூமிக்கு மேல ஒரு பொழப்பு வேணும் மாப்ள” என்பார். “சம்பளம் கொறைஞ்சாலும் பரவால்ல. வேலை செய்யறப்போ வானம் தெரியணும்.”

எங்கள் குழுவில் ஹார்மோனியக்காரர்கள் மட்டும் நிலைக்கவில்லை. இரண்டு கச்சேரிக்கு மேல் யாரும் இருந்ததில்லை. மச்சான் ஐந்து கட்டைச் சுருதியிலும் சேர்வதில்லை, ஐந்தரையிலும் சேர்வதில்லை, நடுவில் எங்கோ நிற்கிறார் என்பது அவர்கள் எல்லோரும் தனித்தனியாகச் சொன்ன புகார். தலைக்கனம் பிடித்தவர்கள் என்று நாங்கள் முடிவு செய்தோம். கடைசியில் குழுவில் மச்சானும் நானும் ஒரு தபலாக்காரரும் மிஞ்சினோம்.

உறுமலைப் போக்க எர்த் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். எங்கள் வீடு சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான பாலகாட் லைனில். பேத்தமங்களா ஏரித் தண்ணீர் வரும் தெருக் குழாய் எங்கள் வாசலுக்கு நேரே இருந்தது. கிட்டாரிலிருந்து ஒரு வயரை இழுத்து அதில் சுற்றினேன். மறுநாள் காலை, தண்ணீருக்கு நின்ற பக்கத்து வீட்டம்மா என் மனைவியைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, கொழாயத் தொட்டா கை ஜிவ்வுங்குது. தண்ணில இன்னா கலக்கறாரு உன் வூட்டுக்காரரு?”

“சங்கீதம் கலக்கறாருக்கா” என்றாள் என் மனைவி.

வயரை எடுத்துவிட்டுக் கொல்லையில் ஓர் இரும்புக் குழாயைப் புதைத்தேன். அப்புறம் மளிகைக் கடையிலிருந்து காலித் தேயிலைப் பெட்டி ஒன்று வாங்கிவந்து, உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை உரித்து, கிட்டாரின் வயிற்றுக்குள் ஒரு மூலை விடாமல் ஒட்டினேன். அதையும் எர்த் வயரையும் ஒரு கிளிப்பால் இணைத்தேன். பிளக்கைச் செருகியபோது எதுவும் கேட்கவில்லை. கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். கம்பியைத் தட்டினேன். மணி மாதிரி ஒலித்தது. அந்தச் சுத்தத்துக்கு ஏற்ப, பெங்களூரில் வாங்கிய சுருதிக் குழலை ஊதி, ஐந்து கட்டைக்குச் சுத்தமாகக் கம்பிகளைச் சேர்த்தேன். அதற்கு முன் சுருதி சேர்த்ததெல்லாம் காதுக்குப் பட்டபடிதான்.

மறுநாள் ஆண்டர்சன்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம். பெண் வீட்டுக்கு உறவான பெங்களூர் ஆர்கெஸ்ட்ரா முதலாளி ஒருவர் வருகிறார், பாட்டுப் பிடித்தால் மச்சானைச் சேர்த்துக்கொள்வார் என்று பேச்சு. நான் முன்னதாகவே போய், மேடையோரம் ஓர் இரும்புக் குழாயை அடித்து எர்த் கொடுத்து வைத்திருந்தேன். மச்சான் ஷிஃப்ட் முடிந்து நேரே பந்தலுக்கு வந்தார். கிட்டார் குணமான விஷயம் அவருக்குத் தெரியாது.

பாட ஆரம்பித்தார். பல்லவியின் இரண்டாவது வரியில் கிட்டாரை விட்டு விலகினார். மூன்றாவது வரியில் தபலாக்காரர் என்னைப் பார்த்தார். முன்வரிசையில் ஆர்கெஸ்ட்ரா முதலாளி தாம்பூலத்தைக் கையில் எடுத்தார். பாட்டை நிறுத்திய மச்சான் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

“இன்னா மாப்ள, கரெண்ட் போய்ட்ச்சா?”

“லைட்டு எரியுதே மச்சான்.”

“அப்ப சத்தத்தக் காணோமே?”

“எந்தச் சத்தம்?”

“அதான்… ம்ம்ம்.”

அந்த ‘ம்ம்ம்’, ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவே, கிட்டார் இத்தனை வருஷம் உறுமிய அதே இடத்தில் இருந்தது. போய்விட்ட ஹார்மோனியக்காரர்கள் அத்தனை பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

எர்த் வயரின் கிளிப்பைப் பிடுங்கினேன். உறுமல் வந்தது. மச்சான் நிமிர்ந்து நின்று அதே பல்லவியைப் பிடித்தார். தாம்பூலம் முதலாளியின் மடிக்கு இறங்கியது. என் கம்பிகளோ ஐந்து கட்டையில் இருந்தன. வாசித்தால் சண்டை வரும். எனவே கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, கச்சேரி முடியும்வரை சும்மா நின்றேன். மச்சான் அவ்வளவு நன்றாகப் பாடி நான் கேட்டதில்லை.

முதலாளி மேடைக்கு வந்தார். “பாடறவரு அடுத்த வாரமே வரலாம். கிட்டாருக்கு எங்ககிட்ட ஆளு இருக்காங்க.” என்னைப் பார்த்து, “வாசிக்கற ஆளு” என்றார்.

பெங்களூரில் முதல் புரோகிராம் முடிந்து மச்சான் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். முகம் செத்திருந்தது.

“எல்லாம் ஃபாரின் செட்டு மாப்ள. ஊசி வுழுந்தா கேக்குது. எங்க நிக்கறதுன்னே தெரியல எனக்கு. மொதலாளி இன்னொரு வாட்டி பாக்கலாம்னாரு. அதுவும் இப்பிடிப் போச்சுன்னா, சாவற வரைக்கும் கேஜ் மணிதான்.” கொஞ்சம் தயங்கினார். “உங்க கிட்டாரு வேணும். ஆம்ப்ளிஃபயர் பெட்டியோட.”

“யார் வாசிப்பாங்க?”

“வாசிக்க வேணாம். பக்கத்துல சாத்தி வச்சா போதும்.”

அன்று சாயங்காலமே கிட்டாரைப் பிரித்து, ஈயத்தாளைச் சுரண்டி எடுத்தேன். “ஒட்டனதும் நீங்க, பிக்கறதும் நீங்க” என்றாள் என் மனைவி. அவளும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் அண்ணன் ஆயிற்றே. பிளக்கைச் செருகிப் பார்த்தோம். முன்பைவிட நன்றாகவே உறுமியது. மச்சான் கண்ணை மூடி ஒரு வரி பாடிப் பார்த்துவிட்டு, கிட்டாரைப் போர்வையில் சுற்றி, பெட்டியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பெங்களூரில் அவருக்காகத் தந்தி வாத்தியங்களெல்லாம் கால் கட்டை ஏற்றிக்கொண்டன என்று கேள்விப்பட்டேன். சுருதியை ஏற்ற வழியில்லாத ஹார்மோனியக்காரர் அங்கும் விலகிக்கொண்டாராம்.

அடுத்த வருஷம் மச்சான் சுரங்க வேலையை எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் ஒரு பொங்கலுக்குக் கிட்டாரோடு வந்தார். நல்ல வெயிலில், குடையில்லாமல், தெரு நடுவே நடந்து வந்தார். கிட்டாரில் மூன்று கம்பிகள் அறுந்து சுருண்டிருந்தன.

“கம்பி மாத்தலியா மச்சான்?”

“எதுக்கு மாப்ள? அது பாட்டுக்கு நல்லாதான் கீது. பிளக் சொருவற எடந்தான் ஆடுது, நடுப் பாட்டுல வுட்டுட்டுப் போவுது. அத்த மட்டும் பாத்துக் குடுங்க. ஞாயித்துக்கெழம மைசூர்ல புரோகிராம்.”

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.