டிரையர் சூட்டில் போன எழுத்து

1. துண்டில் சுற்றி வந்தது

அந்த ஐப்பசி மழையில் ஒரு நாள் மாலை என் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியிலிருந்து வந்தார். காயவைக்க நான் கொடுத்தனுப்பிய வேதாகமத்தைப் பைக்குள்ளிருந்து துண்டோடு எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பாரு, அப்பளமாட்டம் காஞ்சிருக்குது" என்று சிரித்தார்.

கையைத் துடைத்துக்கொண்டு திறந்தேன். தாள் நன்றாகத்தான் காய்ந்திருந்தது. நான் வரைந்த கோதுமைக் கதிர் இருந்தது. திராட்சைக் கொடி இருந்தது. பக்கத்தில் பாக்கியம் அக்கா மகளுக்காகத் தன் கையால் எழுதியிருந்தது மட்டும் இல்லை. வெறும் தாள். அடுத்த இடத்தைத் திறந்தேன், அங்கும் இல்லை. சங்கீதத்தில் இல்லை, ஏசாயாவில் இல்லை, யோவானில் இல்லை.

"ஏனுங்க, இதை எங்க வெச்சீங்க?"

"டிரையர் மேலதான், தகரத்தை ஒட்டி. மழைக்காலத்துல பாதி ஃபேக்டரி ஸ்வெட்டரு அங்கதானே காயுது?"

"எழுத்தைக் காணோமுங்க."

"அச்சு அப்படியேதானே இருக்குது?"

"அச்சு இருக்குது. அக்கா எழுதுனது போயிருச்சு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "நான் தொறந்துகூடப் பாக்கலையே" என்றார். அவர் முகமும் வாடிவிட்டது. தேயிலைத் தூளைக் காய வைக்கிற டிரையரில் இத்தனை வருஷம் வேலை செய்கிறவர். எதற்கு எவ்வளவு சூடு என்று கை வைத்தே சொல்வார். பேனா மைக்கு எவ்வளவு சூடு என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லை.

2. அந்தப் பேனாவை நான் கொடுத்தது

இந்த வேலைக்குப் புதிதாய் வருகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன், அதனால் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நான் பத்தாவதோடு நின்றவள். கோத்தகிரிப் பக்கம் அரவேணுவில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் கார்டு செய்கிறேன். ஹேண்ட்மேட் பேப்பரை அளந்து வெட்டி, மடித்து, புத்தகத்துக்குள் வைத்துக் காயவைத்த பெரணி இலையும் காட்டுப் பூவும் ஒட்டி, கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் கொடுப்பேன். பிறகு எங்கள் சபைப் பெண்கள் கூட்டத்தில் பைபிள் ஜர்னலிங் ஆரம்பித்தோம். வாசித்த வசனத்துக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு படம், அது நமக்கு என்ன சொன்னது என்று இரண்டு வரி. அவ்வளவுதான். வேதத்தில் போய் வர்ணம் பூசுவதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அச்சின் மேல் ஒரு சொட்டு விழாது என்று சொல்லித்தான் தொடங்கினேன். நம் தமிழ் வேதாகமத்தில் ஓரமும் குறைவு, தாளும் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. நேராக வரைந்தால் மறுபக்கம் ஊறிவிடும். அதனால் மெலிதான ஹேண்ட்மேட் பேப்பரைத் துண்டாக வெட்டி, அதில் வரைந்து, பக்கத்தின் ஓரத்தில் வாஷி டேப் என்கிற காகித டேப்பால் ஒட்டிவிடுவேன். கதவு மாதிரி திறந்து மூடலாம். வசனத்துக்கு ஒரு சேதமும் இல்லை.

பாக்கியம் அக்கா பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர். சிலோனில் பிறந்து, சின்ன வயதில் தாய் தகப்பனோடு கப்பலேறி வந்தவர். ஒரே மகள் ஷீபா. நர்ஸ் படித்து, ஜெர்மன் பாஷையும் படித்து, அங்கே ஆஸ்பத்திரியில் வேலை வாங்கிவிட்டாள்.

"வேற என்னா குடுத்து விட இருக்கு நம்மகிட்ட, தங்கச்சி? இதைத்தான் குடுக்கணும். படம் நீங்க போடுங்க. எழுத்து நான் எழுதுறேன். ஆனா எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், தப்பு வந்திட்டா என்னா செய்ய?" என்றார் அக்கா.

அதற்காகத்தான் அந்தப் பேனாவைக் கொடுத்தேன். பின்னால் ரப்பர் வைத்த ஜெல் பேனா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குவது. தப்பு வந்தால் தேய்த்தால் போய்விடும், தாளும் கிழியாது. நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

ஆராதனை முடிந்து மத்தியானம் வருவார். மூலையில் உட்காருவார். எழுதும்போது இடது கையால் மறைத்துக்கொள்வார். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள் பேனாவைச் சுள்ளி மாதிரி பிடித்திருக்கும்.

"எட்டிப் பாக்காதீங்க தங்கச்சி."

"எனக்கு எதுக்குக்கா? உங்க மகளுக்கில்ல எழுதறீங்க."

"அவளும் இப்பப் பாக்கக் கூடாது. அங்க போய்ச் சேர்ந்து படிக்கட்டும். இங்க படிச்சா என் மூஞ்சியப் பாத்துச் சிரிப்பா, இல்லாட்டி அழுவா. ரெண்டும் எனக்கு ஆகாது."

எழுதியதை நான் ஒரு வரிகூடப் படித்ததில்லை. நல்ல குணம் என்றுதான் அதை நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது படித்திருந்தால் தேவலையே என்று இருந்தது.

கடைசிப் படங்கள் வரைந்தபோது மூடுபனி இறங்கிவிட்டது. வாரம் முழுக்க வெயில் இல்லை. வாட்டர் கலர் பட்ட தாள் எல்லாம் அலை அலையாக நெளிந்து, புத்தகம் மூட மாட்டேன் என்றது. பூஞ்சை பிடித்துவிடுமோ என்று பயந்துதான் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். ஷீபா நாலு நாளில் கிளம்ப வேண்டும்.

3. போனில் சொன்னது

சொல்லாமல் இருக்க முடியுமா? அன்றைக்கே போன் போட்டேன்.

"அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு. புத்தகம் நல்லா இருக்குது. நீங்க எழுதுனது மட்டும் சூட்டுல அழிஞ்சிருச்சுங்க."



"எல்லாமேவா?"

"எல்லாமேதானுங்க."

"அவகிட்டச் சொல்லிராதீங்க."

"நாளைக்கு வந்து மறுபடி எழுதிரலாமுங்களா? நான் கூட உக்காந்துக்கறேன்."

"நான் யோசிச்சா எழுதுனேன், தங்கச்சி? மலையில கொழுந்து எடுக்கிறப்ப ஒண்ணு வரும். அதைக் காப்பாத்தி வெச்சிருந்து உங்க ஊட்டுல வந்து எழுதுவேன். இப்பக் கேட்டா எனக்கு என்னா தெரியும்?" என்றார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, படம் என்னுது, அது போனாப் போகட்டும். இது ஒரு தாயோட வார்த்தை. திருப்பிக் குடுங்கப்பா" என்று கேட்டேன். வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

4. ஐஸ்கிரீம் பெட்டி

காலையில் முதல் பஸ்ஸில் கோத்தகிரி போய், பேனா விற்ற ஸ்டேஷனரி கடைக்காரர் முன்னால் அந்தப் பேனாவை நீட்டி, நடந்ததைச் சொன்னேன்.

"அக்கா, இது ரப்பர்ல அழியறதில்லைங்க. தேய்க்கறப்போ சூடாகுதில்லைங்களா, அந்தச் சூட்டுலதான் மறையுது. ஒருத்தர் இந்தப் பேனால ஃபாரம் எழுதி லேமினேஷனுக்குக் குடுத்தாரு. மெசினுக்குள்ள எழுத்தோட போச்சு, வெள்ளையா வந்துச்சு. திட்டு பூரா எனக்கு."

"மறைஞ்சது திரும்பி வருங்களா?"

"நல்ல குளுர்ல வெச்சா வரும்னு சப்ளை பண்ற பையன் சொன்னான். சாதா ஃபிரிட்ஜ் பத்தாதாம், டீப் ஃப்ரீசர் வேணுமாம். நான் செஞ்சு பாத்ததில்லைங்க. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

எங்கள் வீட்டில் சாதா ஃபிரிட்ஜே இல்லை. இந்த ஊர்க் குளிருக்கு அது எதற்கு என்று வாங்காமலே இருந்துவிட்டோம். பஸ்ஸில் வரும்போதே நினைவு வந்தது, பேக்கரி மோகனன் சேட்டனிடம் ஐஸ்கிரீம் பெட்டி இருக்கிறது. சேட்டன் மலையாளி. வந்து எவ்வளவோ வருஷமாகியும் தமிழைத் தன் இஷ்டத்துக்குத்தான் பேசுவார்.

நான் வேதாகமத்தை நீட்டியதும் பயந்துபோனார். "இதென்னா சேச்சி, நேர்ச்சையா?" நேர்த்திக்கடனா என்று கேட்கிறார்.

விஷயத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்தார்.

"மழையில ஐஸ்கிரீம் ஆரு வாங்கும்? பொட்டி நெறைய இப்ப மத்தி மீனாக்கும். வேத புஸ்தகத்தை மீனோட வெக்கான் பாடில்லா, வெக்கக் கூடாது."

"எங்க ஆண்டவர் கூட இருந்தவங்களே மீன் பிடிக்கறவங்கதானுங்க சேட்டா."

"அது சரி. பக்ஷே புஸ்தகம் நாறுமே!"

சொல்லிவிட்டு அவரே கையை விட்டு மீனையெல்லாம் வாரி ஒரு வாளியில் போட்டார். பெட்டியின் ஒரு பக்கத்தை வெந்நீர்த் துணியால் துடைத்தார். நான் புத்தகத்தைக் காய்ந்த துணியில் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் கட்டினேன். சேட்டன் அதைக் குழந்தையைப் படுக்க வைப்பது போல இரண்டு கையாலும் வைத்து மூடினார். மீன் வாளியைப் பார்த்து, "இன்னைக்கு எங்க வீட்டுல எல்லாரும் மத்திதான்" என்றார். மறுநாள் காலை வரை அந்தப் பெட்டியை யாரையும் தொடவிடவில்லை என்று பிறகு அவர் மனைவி சொன்னார்.

5. ரப்பரால் தேய்த்த ஒரே இடம்

காலையில் நான் புத்தகத்தோடு வீடு வந்தபோது வாசலில் பாக்கியம் அக்கா நின்றிருந்தார். பக்கத்தில் ஷீபாவும்.

"ஆன்ட்டி, அம்மா ரெண்டு நாளா சோறே திங்கலை. நான் போறதுக்குன்னு நெனச்சேன். பாத்தா ஏதோ பேனாக் கதை சொல்றாங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "கேட்டுக் கேட்டு வாங்கிட்டா, தங்கச்சி."

உடனே திறக்க விடவில்லை. குளிர் போகாமல் பிரித்தால் உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும். மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டு கவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கவர் வேர்த்து, வடிந்து, காய்ந்த பிறகுதான் முடிச்சை அவிழ்த்தேன். அவசரத்தில் எனக்குச் சங்கீதம் அகப்படவில்லை. ஷீபாதான் பிரித்தாள்.

இருந்தது. முன்னைப் போல அழுத்தமாக இல்லை, மூடுபனிக்குள் தெரிகிற செடி மாதிரி மங்கலாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு வரியும் இருந்தது.

"வந்திருச்சு!" என்று அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "என் கோணக் கையெழுத்து வந்திருச்சு, தங்கச்சி!" நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஆனால் வேலை முடியவில்லை. ஜெர்மனியில் அவள் ஹீட்டர் பக்கம் வைத்தால் மறுபடி போய்விடும். எழுத்தின் மேலேயே அழியாத மையில் இழுத்துவிட வேண்டும். எழுத்து வந்தது தெரிந்ததே தவிர, அந்த மங்கலைப் பிடித்து இழுக்கிற அளவுக்கு அக்காவுக்குக் கண் தெரியவில்லை. நான் படிக்கக் கூடாது. மிச்சம் ஒரே ஆள்தான்.

"குடும்மா" என்றாள் ஷீபா.

"நீ அங்க போயித்தான்..."

"அங்க போயிப் படிக்க எழுத்து இருக்கணுமில்ல?"

அக்கா புத்தகத்தை விட்டுவிட்டு, டம்ளர்களை எடுத்துக்கொண்டு என் சமையலறைக்குள் போய்விட்டார். கழுவின டம்ளரையே கழுவுகிற சத்தம் கேட்டது.

ஷீபா நான் கொடுத்த, சூட்டுக்கு அழியாத பிக்மெண்ட் பேனாவால் அம்மாவின் எழுத்து மேல் மெதுவாக இழுத்தாள். எழுத்து வளைகிற இடத்தில் அவள் கையும் வளைந்தது. திடீரென்று சிரித்தாள்.

"அம்மா! 'ஊசி போடுறப்ப நோயாளியத் திட்டாதே'ன்னு எழுதியிருக்க!"

"திட்டத்தானே செய்வ நீ!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

பிறகு வரி வரியாக இழுத்துக்கொண்டே போனாள். ஏசாயா வந்தபோது அவள் பேனாவை வைத்துவிட்டாள்.

"அம்மா, இங்க வா."

அக்கா ஈரக் கையோடு வந்து நின்றார். ஷீபா வாசித்தாள். "'உன்னைப் பிள்ளைக் காம்பராவில் போட்டுவிட்டு மலைக்குப் போனேன். நீ அழுதது இன்னும் காதில் கேட்குது. அம்மாவை மன்னிச்சிரு.'"

பிள்ளைக் காம்பரா என்றால் எஸ்டேட்டில் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற அறை. அங்கே விட்டால்தான் தாய் வேலைக்குப் போக முடியும்.

"நான் அழுததா? எனக்கு அந்த ஆயா குடுத்த பால்மாவு மட்டுந்தான் ஞாபகம் இருக்கு" என்றாள் ஷீபா. "நீ மலைக்குப் போகாட்டி நான் எங்க படிச்சிருப்பேன்? இதுக்குப் போயி மன்னிப்புக் கேப்பியா?"

மேசையில் கிடந்த அந்த ஜெல் பேனாவை எடுத்தாள். திருப்பிப் பிடித்து, ரப்பரால் அந்த மூன்று வரியையும் அழுத்தித் தேய்த்தாள். நான் கை நீட்டுவதற்குள் போய்விட்டது.

"ஏண்டி!" என்றார் அக்கா.

"அது வேணாம். அதே எடத்துல வேற எழுது."

"என்னாத்த எழுத?"

"உன் இஷ்டம். ஆனா அழியாத பேனாவுல."

அக்கா பால்பாயிண்ட் பேனாவை வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை கையால் மறைக்கவில்லை. யோசித்து யோசித்து, "நேரத்துக்குச் சாப்பிடு" என்று எழுதினார். பேனா அழுத்தி, அடுத்த பக்கத்தில் தடம் விழுந்தது. அதில் எழுத்துப் பிழையும் ஒன்று இருந்தது. அம்மாவும் மகளும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மெதுவா எழுதுங்கக்கா, தாள் மெல்லிசு என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

ஷீபா போய்ச் சேர்ந்துவிட்டாள். வாரத்துக்கு ஒரு தடவை அக்காவோடு வீடியோவில் பேசுகிறாள். முதல் கேள்வி அக்காவுடையது: சாப்பிட்டாயா?

பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது மூன்று. எந்தப் பேனாவாக இருந்தாலும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, அதன் மேல் அயன் பாக்ஸை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கஸ்டமர் கையில் கொடுங்கள். நனைந்த புத்தகத்துக்கு மின்விசிறிக் காற்று போதும், நாள் ஆனாலும் பரவாயில்லை.

இன்னொன்று, தப்பு வருமே என்று பயப்படுகிறவர்களுக்கு நான் இப்போது ரப்பர் வைத்த பேனா கொடுப்பதில்லை. "அடிச்சு எழுதுங்கக்கா, அடித்தல் இருந்தா இருக்கட்டும்" என்று பால்பாயிண்டைத்தான் கொடுக்கிறேன். படம் நான் அழகாய்ப் போட்டுத் தருகிறேன். எழுத்து அவரவருடையதாக இருக்கட்டும்.