அயலவர் முகர்ந்த ஐரிஸ்

பெப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலை விடுமுறை என்றாலும் வழக்கம்போல ஆறு மணிக்கு எழுந்தேன். குளித்தேன், தேநீர் குடித்தேன், வெளிச்சம் வந்ததும் குருவிகளுக்குத் தானியம் போட்டேன். பிறகு வாசலோரச் சரளைப் பாத்தியில் குனிந்து பார்த்தேன். குள்ள ஐரிஸ் ஒன்று பூத்திருந்தது. விரல் உயரம், கடும் நீலம், இதழில் மஞ்சள் கோடு. பக்கத்தில் ஒரு மொட்டு. டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் எங்கள் தோட்டத்தில் அப்போது வேறு பூ இல்லை.

சின்ன வெங்காயம் போன்ற அதன் கிழங்குகளை நட்டபின் வந்த முதல் வசந்தத்தில் பாத்தி முழுதும் பூத்தது. மனைவி நாளுக்கு ஒன்றாகப் பறித்துப் பிள்ளையாருக்கு வைத்து முடித்தாள். அடுத்த ஆண்டு கிழங்குகள் சிறுசிறிதாகப் பிரிந்து இலை மட்டும் விட்டன. பூவைப் பறித்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று பின்னர் வாசித்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. இந்த முறை ஒரு பூவாவது வாடும்வரை மண்ணில் நிற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மனைவி சமையலறை யன்னலைத் திறந்தாள்.

"நாளைக்குக் காலமை நான் வேலைக்குப் போக முதல் அதை ஆய்ஞ்சு தாங்கோ. பிள்ளையார் குளிர் தொடங்கினதில இருந்து கடைப் பூவோட இருக்கிறார்."

"அவர் ஒண்டும் சொல்லேல்லையே."

"உங்களுக்குச் சொல்லமாட்டார்."

மதியம் பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் வேலியருகே வந்தார். ஓய்வுபெற்றவர். எந்தப் பூவைக் கண்டாலும் முகர்ந்து பார்ப்பார். முகர்ந்த பூவைச் சாமிக்கு வைப்பதில்லை. நானே முகர்ந்தால் வேண்டுமென்று செய்ததாகிவிடும். வந்து பாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டேன். அவர் சரளையில் முழங்காலிட்டு, மூக்கைப் பூவுக்குள் வைத்து, நல்ல வாசனை என்றார். எழுந்திருக்கக் கை கொடுத்தேன்.

அவர் போகும்வரை மனைவி யன்னலில் நின்றாள்.

"மனுசன் மணந்து போட்டுது."

"ஓம்."

"நீங்கள்தானே கூப்பிட்டனீங்கள்?"

"பாக்கத்தான் கூப்பிட்டனான்."

"பாக்கிறதுக்கு மூக்கு என்னத்துக்கு? சரி, அதை நீங்களே வைச்சுப் பாத்துக்கொண்டிருங்கோ. மற்ற மொட்டுக்குக் கிட்ட ஒருத்தற்றை மூக்கும் போகப்படாது. உங்கடையும்தான்."

மறுநாள் காலை, தேநீருக்கும் முன்பு, கைவிளக்கும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனேன். முதல் வேலையாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மொட்டை வெட்டி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்தபடியே கொண்டுபோய்ப் பிள்ளையார் முன் வைத்தேன்.