ஆமினா உம்மாவின் அப்பச்சட்டியும் கறள் ஹில்மியும்

காத்தான்குடியில் இரும்புக்கு ஆயுள் குறைவு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. எந்தப் பக்கமிருந்து காற்று அடித்தாலும் உப்பைக் கொண்டுவரும். புதிதாகப் போட்ட கேற்றில் முதல் மாரியிலேயே செம்புள்ளி விழும். மூன்றாம் மாரியில் கீல் அழத் தொடங்கும். ஊருக்கு அந்தக் கறள் பழகிவிட்டது. பழகாத ஒரே ஆள் ஹில்மி.

வயது நாற்பத்து மூன்று. கட்டாரில் கப்பல் திருத்தும் இடமொன்றில் பதினான்கு வருடம் கறள் சுரண்டிப் பெயின்ற் அடித்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன்னர் திரும்பியவர். கலியாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் கதவின் கீலைப் பார்ப்பார். ஒரு மையத்து வீட்டில் எல்லாரும் இறந்தவருக்காகத் தலைகுனிந்து இருக்கையில், இவர் மட்டும் ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டிப் பார்த்ததை நேரில் கண்டவர்கள் உண்டு. ‘கறள் ஹில்மி’ என்ற பெயர் அந்த வீட்டிலிருந்துதான் புறப்பட்டது.

பெயர் பரவியதும் சாமான்களும் வரத் தொடங்கின. கத்தி, தேங்காய்த் திருவலை, தையல் மெசின், மண்வெட்டி. கத்திக்குக் கரைத்த புளி போதும் என்பார். திருவலையின் பல்லுக்குத் தேசிக்காய்ப் பாதியில் உப்பைத் தொட்டுத் தேய்ப்பார். ஆணி, பூட்டு போன்றவை வினாகிரியில் ஒரு நாள் ஊறும். எதுவானாலும் கழுவி, வெயிலில் ஈரம் போகக் காயவைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்துத்தான் திருப்பிக் கொடுப்பார். கறளை எடுப்பது பாதி வேலை, திரும்ப வராமல் பார்ப்பதுதான் மற்றப் பாதி என்று சாமானோடு சேர்த்து ஒரு சொற்பொழிவும் கிடைக்கும்.

வேலை பெருகியதும் வளவில் ஒரு கொட்டில் போட்டுத் தொழிலாகவே செய்ய ஆசைப்பட்டார். அங்கேதான் சிக்கல். அந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேர வேண்டியவர். ஹில்மி இருப்பது மனைவி றமீஸாவின் வீட்டில். வளவில் ஒரு கம்பு நடுவதென்றாலும் றமீஸாவின் தாய் ஆமினா உம்மா சம்மதிக்க வேண்டும். ஆமினா உம்மாவோ மருமகனோடு நேரே பேசுவதில்லை. முன்னைய காலத்து மரியாதை அது. பல வீடுகளில் எப்போதோ போய்விட்டது. இவர் மட்டும் பதினேழு வருடமாக விடாமல் வைத்திருந்தார். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார். மகள் பக்கத்தில் இல்லையென்றால் முற்றத்தில் மேயும் வெள்ளைக் கோழியிடம் சொல்வார். கோழி தலையைச் சாய்த்துக் கேட்கும். ஹில்மி பத்திரிகைக்குப் பின்னால் இருந்து கேட்பார்.

கொட்டில் விஷயம் றமீஸா வழியாகப் போனது. பதில் கோழி வழியாக வந்தது. “உம்றாவுக்குப் போய் வந்து யோசிப்பம், என்ன கோழி?”

அதற்குப் பிறகு மாமி இரண்டு வாரப் பயணமாக மக்காவுக்குப் புறப்பட்டார். வியாழக்கிழமை பின்னேரம் திரும்புவதாக ஏற்பாடு. வெள்ளிக் காலையில் உம்றா போய்வந்தவரைப் பார்க்கச் சொந்தக்காரர் வருவார்கள். அவர்களுக்குத் தன் கையால் அப்பம் சுட்டுக் கொடுக்கப் போவதாகப் போகும்போதே எல்லாரிடமும் சொல்லிவிட்டிருந்தார்.

ஹில்மி கணக்குப் போட்டார். மாமி வந்து இறங்கும்போது வீட்டில் ஒரு பொட்டுக் கறள் இருக்கக் கூடாது. பார்த்த மாத்திரத்தில் கொட்டிலுக்கு ஓ சொல்ல வேண்டும். கேற் பளபளத்தது. கிணற்றுக் கப்பி சத்தம் போடுவதை நிறுத்தியது. அலமாரிப் பூட்டு ஒரு விரலுக்குத் திறந்தது. திங்கட்கிழமை செய்ய எதுவும் மிஞ்சவில்லை. கை சும்மா இருக்க மறுத்தது. குசினித் தட்டில் இரண்டு இரும்பு அப்பச்சட்டிகள் தொங்கின. உள்ளும் புறமும் அட்டைக் கறுப்பு.

கப்பல் அடியிலே இதைவிட மோசமானதையெல்லாம் பார்த்தவருக்கு இது ஒரு பொருட்டா? வினாகிரியில் ஊறவைத்தார், கம்பித் தூரிகையால் தேய்த்தார், அரத்தாள் போட்டார். பின்னேரம் சட்டிகள் வெள்ளிக் கிண்ணம் போல ஆகிவிட்டன. கட்டார் பழக்கப்படி, சுத்தம் செய்த இரும்புக்கு உடனே காவல் பூச்சு அடிக்க வேண்டும். சிவப்புப் பிறைமர் பேணியின் மூடியை நெம்பிக்கொண்டிருந்தபோது றமீஸா உள்ளே வந்தாள்.

பேணியைப் பிடுங்கியெடுத்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது. “இதுல அப்பம் சுடுறதா, கப்பல் விடுறதா?”

முப்பது வருடம் ஒரு சொட்டு சவர்க்காரம் காட்டாமல், எண்ணெய்த் துணியால் மட்டும் துடைத்துத் துடைத்துப் பழக்கிய சட்டிகள் அவை. அந்தக் கறுப்பு அழுக்கல்ல. எண்ணெய் சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டிய தோல். அப்பம் ஒட்டாமல் கழன்று வருவதும், கறள் அண்டாமல் இருப்பதும் அதனால்தான். ஊருக்கெல்லாம் காவல் பூச்சுப் பாடம் எடுத்தவர், தன் வீட்டில் இருந்ததிலேயே நல்ல பூச்சை உரித்துவிட்டிருந்தார். விடியும்போது இரண்டு சட்டியும் மாம்பழ நிறத்தில் இருந்தன. வாவிக் காற்று ஓர் இரவைக்கூட வீணாக்கவில்லை.

சட்டி பழக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஆனால் ஊருக்குள் கேட்டால் மாமி விமான நிலையத்தில் இறங்குமுன் செய்தி அங்கே இறங்கிவிடும். ஹில்மி சட்டிகளைச் சீமெந்துப் பையில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் நாவற்குடாவுக்குப் போனார். அங்கே செசீலியா என்பவர் தன் வீட்டு வாசலில் காலையில் அப்பம் விற்பார். பையைத் திறந்து பார்த்ததும் அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

“தம்பி, இதுக்குத் தோல் உரிச்சது ஆர்?”

தெரிந்த ஒருவர் என்றார் ஹில்மி. அந்தத் தெரிந்தவரின் நகத்துக்குள்ளே இன்னும் கறள் இருப்பதைச் செசீலியா பார்த்துவிட்டு, அதைப் பற்றிப் பேசாமல் வழி சொன்னார். கறளைத் தேய்த்துக் கழுவி அடுப்பிலேயே காயவைக்க வேண்டும். தேங்காயெண்ணெயை மெல்லிசாகப் பூசிப் புகை வரும்வரை சூடாக்கி ஆறவிட வேண்டும். அப்படி ஏழெட்டுத் தரம். பிறகு திருவிய தேங்காய்ப்பூவைப் போட்டுக் கருகும்வரை வறுத்துக் கொட்ட வேண்டும். அதற்குப் பிறகும் முதல் அப்பங்கள் ஒட்டும். கோபிக்காமல் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

செவ்வாய், புதன், வியாழன் மதியம் வரை ஹில்மி சுட்டார். பாதி பிய்ந்தன, பாதி கருகின. எல்லாம் முற்றத்துக்குப் போயின. வெள்ளைக் கோழி குசினி வாசலைவிட்டு நகரவில்லை. வியாழன் மதியம் ஒரு சட்டியில் அப்பம் சிரித்துக்கொண்டு கழன்று வந்தது. மற்றதிலும் வந்தது. இரண்டையும் துடைத்துத் தட்டில் தொங்கவிட்டபோது, ஹில்மிக்குக் கப்பலொன்றைத் தண்ணீரில் இறக்கிய களைப்பு.

வெள்ளி விடிந்ததும் ஆமினா உம்மா அடுப்படிக்குப் போய்க் காஸைப் பற்றவைத்தார். விறாந்தையில் ஹில்மி பத்திரிகை பிடித்திருந்தார். ஒரு பக்கமும் திருப்பவில்லை. முதல் அப்பம் முழுசாக வந்தது. இரண்டாவதும். பத்துப் பதினைந்து வந்த பிறகுதான் ஹில்மி ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

அப்போது மாமி முற்றத்துக்கு வந்து ஒரு பிடி குறுணலைக் கோழிக்கு வீசினார். கோழி குறுணலைப் பார்த்தது. பிறகு, ஏதோ தவறுதலாக விழுந்த சாமான் போல அதைத் தாண்டிப் போய், குசினி வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தது.

மாமி கோழியைப் பார்த்தார். அதன் பின்பக்கம் இரண்டு வாரத்துக்கு முன் இருந்த அளவில் இல்லை. உள்ளே போய்ச் சட்டியோடு திரும்பி வந்து, வெளிச்சத்தில் குப்புறப் பிடித்தார். உள்ளே கறுப்புச் சரி. முப்பது வருட விறகுக் கரி இருக்க வேண்டிய அடிப்பக்கம், காஸ் அடுப்புச் சூட்டில் கொஞ்சம் நீலம் ஓடி, மற்றபடி பளபளவென்று மின்னியது.

ஏதோ சொல்வதற்காகக் கோழியைத் தேடினார். அது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. றமீஸாவோ சிரிப்பை மறைக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தாள். கேட்க ஆள் இல்லாமல், பதினேழு வருடத்தில் முதல் தடவையாக ஆமினா உம்மா விறாந்தைப் பக்கம் திரும்பினார்.

“மகன், அடிய மறந்துட்டீங்க.”

பத்திரிகை இறங்கியது.

“கொட்டிலக் கேற்றுப் பக்கம் போடுங்க,” என்றார் மாமி. “குசினிப் பக்கம் ஒரு ஆணியும் அடிக்கப்படாது.”

கொட்டில் இப்போது கேற்றடியில் இருக்கிறது. வளவில் குசினிக்கு அதைவிடத் தூரமான இடம் கிடையாது. முதலாவதாக வந்தது மாமியின் பாக்குவெட்டி. கோழி தன் உத்தியோகத்தை இழந்துவிட்டது. அதில் ஹில்மிக்குச் சில நாட்களில் வருத்தம் உண்டு. கோழி வழியாக வந்த காலத்தில் பேச்சில் பாதியைக் கோழி எடுத்துக்கொள்ளும். இப்போது முழுதும் அவருக்கே வருகிறது.