குங்குமம் வைத்த பெட்டி

பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி ஒரு பெருமூச்சு விடும். பிறகு திரையில் சின்ன வட்டம் சுற்றத் தொடங்கும். நான் எழுந்துபோய் அரிசி களைந்து குக்கரில் வைத்துவிட்டு வந்தாலும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஒருவழியாக எல்லாம் வந்து, ஒரு கோப்பைத் திறக்கலாம் என்று விரலை வைத்தால், அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி சுட்டு, சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். மண்ணூர்பேட்டையில் நான் வேலை பார்த்த ஸ்பிரிங் கம்பெனி இடம் மாறிப் போனபோது, வயதானவர்களை மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த லேப்டாப்பையும் என்னோடு சேர்த்து அனுப்பினார்கள். எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு இனி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று நிர்வாகம் சரியாகவே கணித்திருந்தது. திருவேற்காட்டில் நான் தனியாக இருக்கும் ஃபிளாட்டில், துணி அலமாரியின் மேல்தட்டில் அது பாட்டுக்குக் கிடந்தது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு பெண் போன் செய்தாள். "அங்கிள், டிஸ்பாட்ச் சார்தானே? அம்மா போன்ல உங்க நம்பரு அப்படித்தான் கீது." கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த ஸ்டோர்ஸ் மேடத்தின் மகள். மேடம் இறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியாக வேண்டிய ஆட்களின் வரிசையில் நான் எங்கே வருவேன்? "காரியத்தன்னிக்குப் படம் தொறக்கணும் அங்கிள். ஊட்ல அம்மா படமே இல்ல. ஆதார் கார்டுல கீறது யாரோ மாதிரி கீது. கம்பெனில எடுத்தது எதுனா வெச்சிருக்கீங்களா?" இருக்கிறதம்மா, தருகிறேன் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான், அந்தப் படம் இருக்கும் இடம் நினைவுக்கு வந்து, அலமாரியின் மேல்தட்டை நிமிர்ந்து பார்த்தேன்.

எங்கள் கம்பெனியில் ஸ்டோர்ஸுக்கும் டிஸ்பாட்சுக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு நீளமான மேசைதான். அந்தப் பக்கம் மேடம், இந்தப் பக்கம் நான். அவர் மண்ணூர்பேட்டையின் பழைய குடும்பம். நான் பிழைக்க வந்தவன், கல்யாணம் அமையாதவன், யாரிடமும் தானாகப் போய்ப் பேசத் தெரியாதவன். "நம்ம குந்திகினு கீற எடம் எங்க தாத்தா வெவசாயம் பண்ண எடம் சார். அதனால என்னிய யாரும் எழுந்திருன்னு சொல்ல முடியாது" என்பார். காலையில் உள்ளே நுழைந்ததும் "இன்னா சார், உம்முனு கீறீங்க? யாருனா அட்ச்சிட்டாங்களா?" என்று கேட்பார். என் நாள் அங்கே தொடங்கும். மாலையில் பஞ்ச் அடித்துவிட்டு வெளியே வந்தால் மறுநாள் காலை வரை நான் வாய் திறக்க அவசியமே வராது. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தார்கள். நான் திங்கட்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

ஆயுத பூஜை என்றால் மேடத்தின் ராஜ்ஜியம். லேத், பிரஸ், எடைமேடை, வாசலில் நிற்கும் லாரி என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைப்பார். கடைசியில் என் மேசைக்கு வருவார். லேப்டாப்பின் மூடியில் வைத்தால் பைக்குள் போகும்போது அழிந்துவிடும் என்று, பக்கவாட்டில் சூடான காற்று வெளியே வரும் சந்தில்தான் அப்புவார். அதற்கு மேல் சாமந்தி இதழைக் கிள்ளிச் செருகுவார். பிறகு சாம்பிராணித் தட்டை நேராக அதன் முகத்தில் காட்டி, அட்டையால் புகையை விசிறுவார். "மேடம், இது அந்த மாதிரி மெஷின் இல்ல" என்று ஒரு தடவை தடுத்துப் பார்த்தேன். "உங்களுக்குச் சோறு போடுதா இல்லியா? அப்ப மெஷின்தான். தள்ளுங்க." அடுத்த பூஜை வரைக்கும் அதைத் துடைக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. நானும் துடைத்ததில்லை. அவர் போனில் எப்போதும் இடம் இருக்காது. பூஜையில் எடுத்த படங்களையெல்லாம் ஒயரைச் சொருகி, "உங்க பெட்டில கொட்டி வையுங்க சார்" என்று தந்துவிடுவார். எடுப்பது எப்போதும் அவர் என்பதால், அவர் இருக்கும் படம் ஒன்றே ஒன்றுதான். ஒரு வருடம் லாரி டிரைவர் போனைப் பிடுங்கி எடுத்தது. பெஞ்சில் பொரித் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு நானும் மேடமும் உட்கார்ந்திருக்கிறோம். மேடம் தலையைப் பின்னுக்குச் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். வேலையில் இருந்தவரை அதை அடிக்கடி திறந்து பார்ப்பேன். தப்பாக நினைக்க ஒன்றும் இல்லை. என் பக்கத்தில் ஒருவர் சிரிக்கும் படம் எனக்கு வேறு கிடையாது.

அலமாரியிலிருந்து லேப்டாப்பை இறக்கி, எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து, மேசை விசிறியையும் திருப்பிவிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கோப்புறை திறக்கும், படங்கள் ஒன்றொன்றாகத் தலைகாட்டும், அதற்குள் அணைந்துவிடும். பென்டிரைவைச் சொருகவே நேரம் தரவில்லை. விடாமல் போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் உள்ளேயிருந்து டிக் டிக்கென்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. அதற்கு மேல் போடவில்லை. பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஷேர் வேனில் பூந்தமல்லிக்குப் போனேன். வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் லேப்டாப் ரிப்பேர் பார்க்கும் கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பாதிச் சாப்பாட்டில் இருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து அடிமூடியைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். "இன்னா சார் இது, கோயில் உண்டியலா?" விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே சிவப்பாகக் கட்டிதட்டிப் போயிருந்தது. அதில் காய்ந்த இதழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. "காத்து போறதுக்கு வழியே இல்ல. மூக்க அடச்சி வெச்சா எவன் உசுரோட இருப்பான்? அதான் சூடேறி சூடேறி நின்னுக்குது. இந்தச் சூட்ல டிஸ்க்கும் வீணாயிடுச்சு." ஒரு பிரஷ்ஷை எடுத்து அவர் பாட்டுக்குத் தட்டத் தொடங்கினார். மேசையில் குங்குமம் உதிர்ந்தது. கொஞ்சம் நிறுத்துங்கள் என்று சொல்லத் தோன்றியது. உதிர்ந்ததை விரலால் ஒரு ஓரமாக ஒதுக்கினேன். காற்றடிக்கும் ஊதியை எடுத்து ஒரு அடி அடித்தார். எல்லாம் பறந்து போனது.

டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரோடு ஒயரில் இணைத்தார். "ரொம்ப நேரம் தாங்காது. எது முக்கியம்னு சொல்லு சார், அத மொதல்ல இஸ்துடலாம்." நான் கோப்புறையைக் காட்டினேன். மாலை போட்ட லேத் வந்தது. பூசணிக்காயோடு லாரி வந்தது. அதற்குப் பிறகு வெகுநேரம் எதுவுமே வரவில்லை. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் நின்றபடியே திரையைப் பார்த்தேன். பிறகு அந்தப் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. மேடத்தின் நெற்றி, கண், சிரிப்பு, பக்கத்தில் என் தலை. கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். பெஞ்சும் பொரித்தட்டும் கைகளும் போய்விட்டன. "மொகம் வந்துடுச்சு, அது போதும்" என்றார் கடைக்காரர். பிறகு, "ஊட்டம்மாவா சார்?" என்று கேட்டார். இல்லை, கூட வேலை பார்த்தவங்க என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, புதிய டிஸ்க் போட்டுத் தருவதாகச் சொல்லி மீதிச் சாப்பாட்டுக்குப் போனார்.

காரியத்தன்று மண்ணூர்பேட்டைக்குப் போனேன். ஷாமியானாவுக்குக் கீழே படம் திறந்தார்கள். ஸ்டுடியோக்காரன் சாம்பல் நிறமாக இருந்த பாதிக்கு ஒரு பட்டுப்புடவையை ஒட்டி, கழுத்தில் நகையும் போட்டிருந்தான். வேலைக்கு ஒரு நாளும் பட்டு கட்டி வராத மேடம், கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டது போல இருந்தார். என்னை நீக்கிவிட்டு அந்த இடத்தில் நீலவானம் வைத்திருந்தான். அப்படித்தான் செய்யவேண்டும், வேறெப்படிச் செய்வது? ஆனாலும் வலித்தது. சிரிப்பு மட்டும் அவருடையதாகவே இருந்தது. அவர் கணவர் என் கையைப் பிடித்து, "சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்றார். நான் யாரென்று அவர் கேட்கவில்லை.

இலையில் உட்கார்ந்திருந்தபோது மகள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் அனுப்பிய, ஸ்டுடியோக்காரன் கைவைக்காத படத்தைப் போனில் திறந்து வைத்திருந்தாள். "இது நீங்கதானே அங்கிள்? அம்மா இப்படிச் சிரிச்சு நாங்க யாரும் பாத்ததே இல்ல. நீங்க ஏதோ சொல்றீங்க, அதுக்குத்தான் சிரிக்கறாங்க. இன்னா சொன்னீங்க?" படத்தில் என் வாய் பாதி திறந்திருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவைப் பற்றி அவளுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று நம்பினாள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். யோசித்தேன். என்ன முயன்றும் வரவில்லை. "ஞாபகம் இல்லம்மா" என்றேன். "பரவால்ல அங்கிள்" என்று சொல்லி, பாயசம் வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

லேப்டாப் இப்போது மூடியைத் தூக்கினாலே விழித்துக்கொள்கிறது. சூடும் இல்லை, சத்தமும் இல்லை. அரிசி களையக்கூட அது நேரம் தருவதில்லை. காலையில் காபியோடு உட்கார்ந்து அந்தப் படத்தைத் திறக்கிறேன். ஏதோ சொல்லியிருக்கிறேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, ஒரு மனுஷி அப்படிச் சிரிக்கும்படி ஏதோ சொல்லியிருக்கிறேன். வாயைத் திறந்து, என் குரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க, எதையாவது சொல்லிப் பார்க்கிறேன்.