தொரையைத் தேடிய கங்காணி

1. மண் இறங்கியது

நான்கு பேரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். நான் லாப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். வி.ஆர். பயிற்சிதான், நிஜ மண் இல்லை. ஆனாலும் ஒருவர்கூட ஓடவில்லை என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

ஹாலிஎலவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் அது. காம்பரா எனப்படும் ஒற்றையறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவு ஆபத்தானது என்று சொல்லிவிட்டார்கள், மாற்று வீடுதான் வந்தபாடில்லை. அடைமழைக்கு முன் ஆட்களைத் தப்பிக்கப் பழக்குவது என் வேலை. தோட்டத்துப் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் நான்கு பேர் ஹெட்செட் போட்டுக்கொண்டால், வி.ஆரில் ஒரே லயத்துக்குள் நிற்பார்கள், ஆளுக்கொரு ரோல். ஒருவர் காவல், சுவரில் விழும் வெடிப்பு அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். ஒருவர் டீம் லீடர். மற்ற இருவர் நடக்க முடியாதவர்களைத் தூக்க வேண்டும்.

கொழும்பில் சாப்ட்வேர் செய்தவர்கள், தோட்டத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டுமென்று டீம் லீடரை, ஆட்களிடம் வேலை வாங்கும் 'கங்காணி' ஆக்கியிருந்தார்கள். அந்த ரோல் ஃபெக்டரியில் வேலை செய்யும் முத்தையாவுக்கு. காவல், கொழுந்து பறிக்கும் செல்வராணிக்கு. சரிவை ஒட்டிய கடைசிக் காம்பராவில்தான் அவர் குடும்பம் இருந்தது.

"வெடிப்பு தெரிஞ்சுச்சா இல்லையா?" என்று கேட்டேன்.

"நல்லாத் தெரிஞ்சுச்சுங்க மிஸ். கங்காணிகிட்ட சொன்னேனே" என்றார் செல்வராணி.

"ஆமாங்க, சொன்னிச்சு" என்றார் முத்தையா. "நான் தொரையத் தேடுனேன். ஆளையே காணோம்."

"தோட்ட மேனேஜரையா? இந்த ப்ரோக்ராம்ல தொரையே கெடையாதே!"

"அப்ப யாருகிட்டங்க கேக்குறது? கங்காணி தானா எப்புடி ஆளுகள வெளிய அனுப்புறது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தூக்க வேண்டிய இருவரும், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நிற்பதுபோல, அவர் முன்னால் வரிசையாக நின்றே புதைந்திருந்தார்கள். கொழும்புக்குப் போன் எடுத்துக் கத்து கத்தென்று கத்தினேன்.

2. சத்தம் போடுறவங்க

அடுத்த முறை கங்காணியை எடுத்துவிட்டோம். காவல் ரோலுக்குப் பெயர் 'சத்தம் போடுறவங்க'. அவர் சத்தம் போட்டால் மற்ற மூவரும் கிளம்பிவிட வேண்டும்.

"யாருகிட்டயும் கேக்க வேணாமா?" செல்வராணி இரண்டு தரம் கேட்டார்.

"வேணாம்."

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் பையோடு மைதானத்துக்கு ஓடிவிட்டார்கள். டீச்சர் என்னைத் திட்டித் தீர்த்தார்.

மழை பிடித்தது. ஒரு நாள் பதுளை பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது முத்தையாவின் போன். "மண்ணு வந்துருச்சுங்க மிஸ். கடைசி மூணு காம்பராவும் இல்ல."

"ஆளுக?" என்று கேட்டேன்.

"எல்லாரும் கோயிலடியில நிக்கிறோம். செல்வராணி சுவருல வெடிப்பப் பாத்துக் கத்துச்சு, ஓடி வந்துட்டோம்."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகுதான் மீதிக் கதை தெரிந்தது. மண் வருவதற்கு முன், தோட்டத்தின் நிஜக் கங்காணி கோயிலடிக்கே வந்து செல்வராணியை அதட்டியிருக்கிறார்: "யாரக் கேட்டு லயத்தக் காலி பண்ண வச்ச?"

"கேக்க வேணாம்னு சொல்லித்தாங்க எனக்கு இந்த வேலையக் குடுத்தாங்க" என்றாராம் அவர். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் செல்வராணியின் காம்பரா மண்ணோடு போய்விட்டது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஹெட்செட்டில் படம் எவ்வளவு தெளிவு என்பதைப் பிறகு பாருங்கள். ஒருவருக்கு ஒரு ரோலின் பெயரைச் சொன்னதும், அவர் யாரைத் தேடுகிறார் என்று முதலில் பாருங்கள்.